விருந்தாளிக்கு ஊற்றிய கூழ்

அந்த நர்சம்மா எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் செய்கிற காரியம் உட்காருவதுதான். எடை பார்க்கிற தராசும், குழந்தைகளின் மேல்கையைச் சுற்றி அளக்கிற நாடாவும் பைக்குள்ளேயே கிடக்கும். வாசற்படி தாண்டியதும் சுவரோரமாக ஒரு இடம் பார்த்து, சேலையை ஒதுக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்காரர்கள் பாயைத் தேடி எடுத்து வருவதற்குள் அவருக்குப் பாதிக் கண் மூடியிருக்கும். தூங்குகிறாரா, யோசிக்கிறாரா என்று எவராலும் சொல்ல முடியாது. நான் வெளியே வண்டியிலிருந்து ஹாரன் அடித்துப் பார்ப்பேன். காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார்.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. மாதா கோவிலில் சாமியார் பிரசங்கத்தைக் கொஞ்சம் இழுத்தால்கூட வெளியே வந்து வண்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவனுக்கு, ஒரு பஞ்ச காலம் முழுக்க இந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும்படி வாய்த்தது.

மழை சுத்தமாக ஏமாற்றிய வருஷம் அது. எங்கள் போர்வெல் முதலில் சேறாகக் கக்கியது, அப்புறம் வெறும் காற்றாகக் கக்கியது, அப்புறம் சும்மா இருந்துவிட்டது. மரவள்ளியும் காய்ந்த பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க முடியவில்லை. மச்சான் ஓட்டிக்கொண்டிருந்த பழைய வேனை நான் ஓட்ட ஆரம்பித்தேன். வறட்சிக்காகக் கிராமங்களுக்குப் போகிற மருத்துவக் குழுவுக்கு வண்டி வேண்டும் என்று கேட்டார்கள், போனேன். குழு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான நாட்களில் நானும் அவரும்தான்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால், விழித்துக்கொண்டு கண்ட கனவு போலத்தான் இருக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி உண்டு. பையனாக இருந்தபோது அதில் நீச்சல் அடித்திருக்கிறேன். அந்த வருஷம் அதற்குள் வண்டியை இறக்கி ஓட்டினேன். சுற்றிப் போகிற தூரம் மிச்சம். ஏரிக்கரை எங்கள் தலைக்கு மேலே போகும், மதகு அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் நிற்கும். தூரத்து மண் வெயிலில் தண்ணீர் மாதிரி அசையும். கிட்டே போகப் போக அது விலகிப் போய்க்கொண்டே இருக்கும். சித்தேரி மலை வெளிறிப்போய், மலையா மேகமா என்று தெரியாமல் நிற்கும். நர்சம்மா ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, “மெதுவாப் போங்க தம்பி, மீனெல்லாம் தூங்குது” என்பார். நானும் என்னை அறியாமல் வேகத்தைக் குறைப்பேன்.

வண்டியில் ஏறினால் அவருக்குச் சாப்பாட்டுப் பேச்சுதான். சூடான ராகிக் களியில் நடுவிலே குழி பண்ணி, மொச்சைக்கொட்டைக் குழம்பை ஊற்றி, அது ஓரம் வழியாக இறங்கி வருகிற அழகைச் சொல்வார். மழைக்காலத்தில் வேலியோரம் முளைக்கிற கீரைகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி வரவழைப்பார். எதிரே ஒரு பச்சை இலை இல்லாத காடு விரிந்து கிடக்கும். அவர் சொல்லச் சொல்ல எனக்கு வாயில் எச்சில் ஊறும், கூடவே கோபமும் வரும். “போதும் நிறுத்துங்க நர்சம்மா, பசிக்குது” என்பேன். “பசிக்கட்டும், பசிச்சாத்தான் மனுசனுக்கு ஒடம்பு நல்லாருக்குதுன்னு அர்த்தம். பசியே இல்லாம ஒரு கொழந்த படுத்துக் கெடந்தா அதுக்குத்தான் நான் பயப்படுவேன்” என்பார்.

சாப்பிட்டாயிற்றா என்று மட்டும் எந்த வீட்டிலும் கேட்க மாட்டார். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. கன்னடம் பேசுகிற வீடுகளில் ‘ஊட்டா ஆய்த்தா’ என்று சாப்பாட்டை விசாரிப்பதுதான் வணக்கம். நானே போய் அப்படிக் கேட்பேன். ‘ஆய்த்து ஆய்த்து’ என்று எல்லா வீட்டிலும் ஒரே பதில் வரும். அடுப்பில் பூனை படுத்திருக்கும்.

“அதக் கேட்டு அவங்கள எதுக்குங்க தம்பி பொய் சொல்ல வெக்கறீங்க?” என்று ஒருநாள் என்னைக் கடிந்துகொண்டார். “இல்லன்னு எந்த வூட்லயாவது சொல்லுவாங்களா? உங்க வூட்ல சொல்லுவீங்களா?”

சொல்ல மாட்டோம்தான்.

காரிமங்கலம் பக்கம் ஒரு கொட்டாயில்தான் எனக்கு அவருடைய வித்தை விளங்கியது. காட்டுக்கு நடுவே ஒன்றிரண்டு வீடாகத் தள்ளி இருக்கிற குடியிருப்பை எங்கள் பக்கம் கொட்டாய் என்போம். ஹாரன் அடித்து அலுத்துப்போய் நானே உள்ளே போனேன். நர்சம்மா வழக்கம்போல் சுவரில் சாய்ந்திருந்தார். வீட்டுப் பெண் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கென்று நாங்கள் கொடுத்திருந்த சத்துமாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, எந்தப் பானைக்கு அடியிலிருந்தோ தேடி எடுத்த வெல்லத்தைத் தட்டிப் போட்டு, டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். விருந்தாளிக்கு!

நர்சம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உதட்டை நனைத்தார். “நல்லாருக்குதும்மா” என்றார். அப்புறம் மூலையில் துணி போலக் கிடந்த குழந்தையைப் பார்த்து, “அந்தக் குட்டிய இப்பிடிக் குடு கண்ணு. எனக்குத் தனியாக் குடிச்சா எறங்காது” என்றார்.

குழந்தை மடிக்கு வந்தது. ஊதி ஊதி ஒவ்வொரு வாயாக அதற்குப் போனது. அதுவரை அந்தத் தாய் குழந்தையைச் சரியாகப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றியது. இப்போது பார்த்தாள். டம்ளர் சாய்கிற திசையில் அவளுடைய வாயும் தானாகத் திறந்து திறந்து மூடியது.

திரும்பும்போது கேட்டேன்: “கொழந்தைக்குக் குடுத்த மாவு, கொழந்தைக்கே போறதுக்கு நீங்க விருந்தாளியாப் போவணுமா?”

“மாவு கன்னுக்குட்டிக்குப் போவுது தம்பி. அவங்களத் தப்புச் சொல்லக் கூடாது. கொழந்த அழுதுட்டுத் தூங்கிடும். மாடு கன்னு படுத்துட்டா குடும்பமே படுத்துக்கும். அதுதான் அவங்க கணக்கு. ஆனா வூட்டுக்கு ஒரு ஆளு வந்துட்டா, மாட்டுக்கு வெச்சிருக்கறதுகூட அடுப்புக்கு வந்துடும்.”

“வாரத்துக்கு ஒருக்கா ஒரு டம்ளர் குடிச்சா ஆச்சா?”

“அது குடிக்கறத ஆத்தாக்காரி கண்ணாலப் பாத்துட்டாப் போதும். மறுநாளு மாவ அள்ளி மாட்டுக்கு வெக்க மனசு வராது.”

யாரையும் வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்பது எங்கள் ஜில்லாவில் சட்டம் மாதிரி. இல்லாத வீட்டில் அது இன்னும் கடுமையான சட்டம். அந்த அம்மா இந்தச் சட்டத்தை ஒரு கொழுகொம்பு போலப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக ஏறினார். எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது அன்றுதான். ஹாரன் அடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? தண்ணி லாரிக்குக் குடத்தை வைத்துக்கொண்டு நிற்கிற பெண்கள் எங்கள் வண்டியைக் கண்டதும், “நர்சம்மா வருது, சட்டிய மூடுங்கடி” என்று சிரிப்பார்கள். பஞ்ச காலத்தில் வீடு வீடாகக் கை நனைக்கிற ஒரே அரசாங்க ஆள் என்று டீக்கடையில் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவரிடம் நான் சண்டைக்குப் போய்விட்டேன். நர்சம்மாவிடம் சொன்னால் அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். “பேசட்டும், பேசட்டும். நான் சாப்புடற ஆளுன்னு ஊருக்குத் தெரிஞ்சாத்தான அடுப்புப் பத்த வெப்பாங்க?” என்றார். அத்தனை வீட்டில் கை நனைத்தவரின் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கும். அந்த டீக்கடை ஆள் அதைப் பார்த்திருந்தால் வாயை மூடியிருப்பார்.

எல்லா வீட்டிலும் அவருடைய வித்தை பலித்தது என்று சொல்ல முடியாது. அரூர் போகிற வழியில் ஒரு பெரிய தோட்டக்காரர் வீடு. அங்கே எங்களுக்குக் கடையிலிருந்து டீயும் பிஸ்கட்டும் தருவித்தார்கள். அந்த வீட்டுப் பேத்தியும் சுள்ளியாகத்தான் இருந்தாள். பிஸ்கட்டை டீயில் தொட்டுத் தொட்டு அவளை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். “எனக்கு டீ ஒத்துக்காதுங்க, நீங்க சாப்புடறதயே ரெண்டு வாய் குடுங்க” என்றார் நர்சம்மா. வீட்டு எஜமானிக்கு மானமே போய்விட்டது. நீங்கள் வரும்போது களி கிண்டியா வைப்போம் என்று கடைசி வரை விடவில்லை. நான் பிஸ்கட்டை எல்லாம் தின்றுவிட்டு வந்தேன்.

சித்தேரி மலை அடிவாரத்தில் ஒரு ஊர். அங்கே ஒருநாள், தெருமுனையில் வண்டியைத் திருப்பும்போது, கடைசியில் இருந்த ஓட்டு வீட்டின் கதவு சாத்திக்கொண்டதைப் பார்த்தேன். போன தடவை வந்தபோதும் அது அப்படித்தான் சாத்திக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்தது.

“பாத்தீங்களா, நம்ம வண்டிச் சத்தங் கேட்டாலே தாப்பாப் போடறாங்க. உங்க வயித்துக்குப் பயந்துட்டாங்க” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அதுவரை நான் பார்த்திராத அளவுக்கு அவருடைய கண் முழுசாகத் திறந்தது.

“எந்த வூடு தம்பி?”

காட்டினேன். வண்டி நின்ற பிறகும் அவர் இறங்காமல் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். “நானே சாத்த வெச்சிட்டேன்” என்றார் மெதுவாக. “குடுக்கறதுக்கு ஏதோ ஒண்ணு இருக்கற வூடுதான் இத்தன நாளும் தொறந்து இருந்துருக்குது. ஒண்ணுமே இல்லாத வூடு விருந்தாளியப் பாத்தா வேற என்ன பண்ணும்?”

அந்த ஊரில் மற்ற வீடுகளுக்குப் போகவில்லை. நேராக அந்தக் கதவுக்குப் போய்த் தட்டினார். உள்ளே ஒரு குழந்தை முனகியது, உடனே யாரோ அதன் வாயைப் பொத்தியது மாதிரி நின்றது. போலாமுங்க என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். உச்சி வெயில். அவர் கதவுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தார்.

“அம்மாடி, நான் எதுவுங் கேக்க வரல” என்றார் கதவைப் பார்த்து. வெயில் ஒரு சத்தம் போலக் காதில் இரைந்துகொண்டிருந்தது. வெகுநேரம் அப்படியே இருந்தோம். அந்த மூடிய கதவும், எதிரே அசையாத பெண்ணும், இரண்டும் ஒன்றையொன்று தூங்க வைக்கப் பார்க்கிற மாதிரி எனக்குத் தோன்றியது.

திடீரென்று அவர் என்னைக் கூப்பிட்டு, வண்டியில் இருக்கிற சாப்பாட்டு டப்பாக்களை எடுத்து வரச் சொன்னார். அவருடையது தயிர்ச்சோறு. என்னுடையது என் மனைவி கட்டிக்கொடுத்த தக்காளிச்சோறும் அவித்த முட்டையும். இரண்டையும் வாசலில் திறந்து வைத்தார்.

“நான் இன்னும் சாப்புடல கண்ணு. இங்கயே உக்காந்து சாப்புட்டுக்கறேன்” என்று உள்ளே கேட்கிற மாதிரி சொன்னார்.

கதவுக்குப் பின்னாலிருந்து முதல் தடவையாகக் குரல் வந்தது. “ஐயோ, அங்க வெயில்ல உக்காந்து சாப்புடாதீங்கம்மா.”

“வேற எங்க உக்கார்றது?”

“வாசல்ல வந்த ஆளு தனியாச் சோத்தப் பிரிச்சுத் தின்னா, எனக்குப் பாவம் வந்து சேருமுங்க.”

“அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? பசிக்குதே.”

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. சின்ன வயசுப் பெண். கையில் ஒரு சொம்பில் பாதி தண்ணீர். “தண்ணி மட்டுந்தாங்க இருக்குது” என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். கட்டட வேலைக்குப் பெங்களூர் போன புருஷனிடமிருந்து தகவல் வருவது நின்றுபோயிருந்தது. மாட்டைச் சந்தைக்கு ஓட்டிக் அடிமாட்டு விலைக்கு விற்றாகிவிட்டது. நர்சம்மா சொம்பை வாங்கி ஒரு மிடறு குடித்தார்.

அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை வெளிச்சத்துக்கு வந்தது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. கன்னம் உப்பலாக, கால் கொழுகொழுவென்று இருந்தாள்.

“முந்தி நோஞ்சானா இருந்தாளுங்க. இப்பத்தான் கொஞ்சம் பூசுனாப்புல வந்திருக்குது” என்றாள் தாய். கண்ணீரோடு பெருமையாகத்தான் சொன்னாள்.

நர்சம்மா குழந்தையின் பாதத்தை மடியில் எடுத்து வைத்து, கட்டைவிரலால் அழுத்திவிட்டு விரலை எடுத்தார். அந்த இடம் குழியாக நின்றது. அது மேலேறும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏறவில்லை. தயிர்ச்சோற்றில் ஒரு சின்ன உருண்டை உருட்டி அதன் வாயருகே கொண்டுபோனார். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. பசியில்லாத குழந்தையைப் பற்றி அவர் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது.

“இது சதை இல்ல கண்ணு, நீரு. ஒடம்புல சத்து சுத்தமாத் தீந்துட்டா இப்பிடி நீரு கோக்கும். இன்னிக்கே தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போனாப் பொழைக்க வெச்சிரலாம். இங்கயே வெச்சிருந்தா கைய வுட்டுப் போயிரும்.”

அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் தலையை ஆட்டினாள். “நான் வரலீங்க.”

“ஏங்கண்ணு?”

“அங்க வந்து எத்தன நாளு கெடக்கணுமோ. ஒருத்தரு ஊத்தற சோத்துக்கு நித்தமுங் கைய நீட்டிக்கிட்டு... எங்க வூட்ல ஒருத்தர் கையில வாங்கித் தின்ன பழக்கமில்லீங்க. அவரு வந்து கேட்டா என்னான்னு சொல்றது?”

எனக்கு ஆத்திரமாக வந்தது. குழந்தை போகப்போகிறது, இவள் பழக்கம் பேசுகிறாள் என்று கத்தியிருப்பேன். நர்சம்மா என்னைப் பார்த்த பார்வையில் அடங்கினேன்.

“நான் எத்தன வூட்ல வாங்கிக் குடிச்சிருக்கேன்னு உனக்குத் தெரியுமா?” என்றார் அவளிடம்.

“தெரியுமுங்க. ஊரே சொல்லுதுங்க.”

“எனக்கு வெக்கமா இருக்காதுன்னு நெனச்சியா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒவ்வொரு வூட்லயும் கூசுது கண்ணு. இல்லாத வூட்ல போயி உக்காந்துக்கிட்டு, அவங்க அடுப்பப் பத்த வெக்கறதப் பாத்துக்கிட்டு இருக்கறேனே, ஒடம்பே கூசும். கண்ணத் தொறந்து பாக்க முடியாமத்தான் மூடிக்கறேன். அந்த வெக்கத்த முழுங்கிட்டுத்தான் டம்ளரக் கையில வாங்கறேன். உம்புள்ளைக்காக நீ ஒரு தடவ முழுங்கு.”

நாங்கள் எல்லாரும் தூக்கம் என்று கேலி பேசிய கண்கள் அவை. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பெண் உள்ளே போய் ஒரு மாற்றுச் சேலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஏரிக்குள் குறுக்காக இறக்கி ஓட்டினேன். அன்று மீன்களைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. குழந்தை அவர் மடியில் கிடந்தது. நான் அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டே போனேன். எங்கே விட்டேன், எங்கே தொடங்கினேன் என்று தெரியாமல் அதே ஜெபம் வாயில் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே கரையும் மரமும் மெதுவாகப் பின்னால் போயின. வண்டி நகரவே இல்லை, நிலம்தான் எங்களைத் தள்ளிவிடுகிறது என்பது போல இருந்தது.

வார்டில் சேர்த்த பிறகு வீக்கம் வடிந்து குழந்தை பாதியாகிப்போனது. தாய் அதைப் பார்த்துக் கதறினாளாம். இதுதாம்மா உம்புள்ள, இனிமேதான் வளரும் என்று நர்சம்மா சொல்லி வைத்தார். ஒருநாள் அது பால் கேட்டு, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதது. அந்தச் செய்தியை எனக்குச் சொன்னபோது நர்சம்மா ஆஸ்பத்திரி வாசலில் நின்று சின்னப் பெண் மாதிரி கை தட்டினார்.

அதற்குப் பிறகு அவருடைய பழக்கத்தில் ஒரு மாற்றம் வந்தது. ஊருக்குள் நுழைந்ததும், “எந்தக் கதவு சாத்துதுன்னு பாருங்க தம்பி” என்பார். முதலில் அங்கேதான் போவார். கையில் சாப்பாட்டு டப்பாவோடு போவார். என் மனைவியும் முனகிக்கொண்டே எனக்கு இரண்டு டப்பா கட்ட ஆரம்பித்தாள்.

மழை வந்த பிறகு குழுவைக் கலைத்துவிட்டார்கள். அவருக்கும் வேறு ஜில்லாவுக்கு மாற்றல் ஆனது. அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. போவதற்கு முன்னால் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றினோம். அந்த ஓட்டு வீட்டுக்கும் போனோம். கூரை இன்னும் ஈரமாக இருந்தது. புருஷன் திரும்பி வந்து ஏர் ஓட்டப் போயிருந்தான். குழந்தை ஒரு கோழியைத் துரத்திக்கொண்டு எங்கள் கால்களுக்கு நடுவே ஓடியது.

நர்சம்மா சுவரோரமாக உட்கார்ந்தார். பாதிக் கண்ணை மூடினார். அந்தப் பெண் ஒரு பெரிய டம்ளர் நிறையக் கூழும் இரண்டு சின்ன வெங்காயமும் கொண்டுவந்து வைத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, உதட்டை நனைத்துவிட்டு, “அந்தக் குட்டிய இப்பிடிக் குடு கண்ணு” என்றார்.

“அவ வயிறு முட்டக் குடிச்சிட்டாளுங்க. இது உங்களுக்கு” என்றாள் அவள்.

“எனக்கு எதுக்கும்மா இவ்வளவு...” என்று அவர் டம்ளரைக் கீழே வைக்கப் போனார்.

அந்தப் பெண் அவருக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “நீங்க குடிக்கற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேங்க.”

நர்சம்மா அவளையே பார்த்தார். பிறகு குடிக்க ஆரம்பித்தார். ஒரு வாய், இன்னொரு வாய், அப்புறம் நிறுத்தாமல், டம்ளரின் அடி தெரிகிற வரைக்கும் குடித்தார். எத்தனை வீட்டில் எத்தனை டம்ளரை அவர் கையில் பார்த்திருக்கிறேன்! அவருடைய தொண்டை ஏறி இறங்குவதை அன்றுதான் பார்த்தேன். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், வண்டிப் பக்கம் போகவே தோன்றவில்லை. அவர் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். வெங்காயத்தில் ஒன்றைக் கடித்தார். காலி டம்ளரை அவளிடம் நீட்டினார்.

“இன்னுங் கொஞ்சம் ஊத்தும்மா” என்றார்.